ஒரு இணைப்பு, வீடு முழுக்க இணையம்



வீட்டுக்கு வருவது ஒரே ஓர் இணைய இணைப்பு. ஆனால் அப்பாவின் லேப்டாப், பிள்ளைகளின் செல்போன், கூடத்து டிவி எல்லாமே ஒரே நேரத்தில் அதில் ஓடுகின்றன. எப்படி?

அது ரவுட்டர் செய்யும் வேலை. வெளியுலகுக்குப் பெரும்பாலும் வீடு முழுவதற்கும் ஒரே முகவரிதான். உள்ளே ஒவ்வொரு கருவிக்கும், பல வீடுகளில் 192.168 என்று தொடங்கும், ஒரு தனி எண்ணை ரவுட்டரே கொடுக்கிறது. யார் எதைக் கேட்டார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது. இதே எண்கள் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம். அவை வாசல் தாண்டிப் போகாததால் குழப்பம் இல்லை.

ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள், சிக்னல் குறையும். வீட்டின் நடுவில், சற்று உயரத்தில் வையுங்கள். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டித் தூரம் போகும். 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், தூரம் குறைவு. இடம் மாறாத கம்ப்யூட்டருக்குக் கேபிள் போடுவதே நல்லது.

முக்கியமாக, ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அதுதான் வீட்டுக்குப் பூட்டு.