பழைய ஹிமாலயனா, புதிய ஹிமாலயனா?

(நமது குடியிருப்போர் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"நெடுந்தூர பைக் பயணம் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள்" என்று செயலாளர் சொன்னார். இங்கே பைக் ஓட்டுகிறவர்களும் இருக்கிறீர்கள். பிள்ளை பைக் கேட்கிறானே என்று கவலையோடு வந்திருக்கிற பெற்றோரும் இருக்கிறீர்கள். இரு தரப்புக்கும் பயன்பட வேண்டும் என்பதால் பல வண்டிகளைத் தொடாமல், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் அதன் பழைய தலைமுறையும் நிற்கிறது, புதியதும் நிற்கிறது. நம்மூர்த் தயாரிப்பும்கூட. 1955-இல் மெட்ராஸில் தொடங்கிய தொழில் இன்று ஒரகடம், வல்லம் வடகால் வரை பரவியிருக்கிறது.

"பழையதை விற்றுவிட்டுப் புதியது வாங்கலாமா?", "பையனுக்குச் செகண்ட் ஹேண்டில் பழையது போதுமா?" என்ற இரண்டு கேள்விகள்தான் என்னிடம் அடிக்கடி வருகின்றன. இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் பதிலைத் தேட வேண்டிய இடம் ஒன்றுதான். எந்த வண்டி அதிக வேகம் போகும் என்று பார்க்காதீர்கள். நீங்கள் போகும் சாலையில், உங்கள் உடம்புக்கு, நீங்கள் ஏற்றும் பாரத்துக்கு எது கையிருப்பு வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் இரண்டையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

பழைய ஹிமாலயன் 2016-இல் வந்தது. 411 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றிலும் ஆயிலிலும் குளிரும் இன்ஜின். சுமார் 24 குதிரைத்திறன், 32 நியூட்டன் மீட்டர் டார்க், ஐந்து கியர். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம். பெட்ரோல் டேங்க் 15 லிட்டர். சீட் உயரம் 800 மில்லிமீட்டர்.

புதியது 2023 நவம்பரில் வந்தது. 452 சிசி. இன்ஜின் முழுக்கப் புதிது, ரேடியேட்டர் வைத்துத் திரவத்தால் குளிர்விக்கப்படுவது. 40 குதிரைத்திறன், 40 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். சக்கர அளவுகள் அதே 21, 17தான். டேங்க் 17 லிட்டர். சீட் 825 மில்லிமீட்டர், அதை 845 வரை உயர்த்திக்கொள்ளலாம்.

சிசியில் வித்தியாசம் வெறும் 41. சக்தியில் வித்தியாசம் 16 குதிரை. இது எப்படி என்று கேட்டால், பதில் இன்ஜினின் வடிவத்தில் இருக்கிறது. பழையதில் சிலிண்டரின் குறுக்களவு 78 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 86. ஒல்லியும் உயரமுமான சிலிண்டர். அது மெதுவாகச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும், வேகமாகச் சுற்றச் சொன்னால் திணறும். புதியதில் குறுக்களவு 84, பிஸ்டன் தூரம் 81.5. குள்ளமும் அகலமுமான சிலிண்டர். இரண்டு வால்வுக்குப் பதில் நான்கு வால்வு. அதனால் எட்டாயிரம் சுற்று வரை தயங்காமல் ஏறும். பழையது தன் முழு இழுவையை நாலாயிரத்துச் சொச்சம் சுற்றிலேயே காட்டிவிடும். புதியதற்கு 5,500 சுற்று வேண்டும்.

ஓட்டும்போது இது எப்படித் தெரியும்? பழைய வண்டியை மூன்றாவது கியரில் போட்டுவிட்டு ஏற்காடு மலைப்பாதையில் சோம்பலாக ஏறலாம், அடிக்கடி கியர் மாற்ற வேண்டாம். புதிய வண்டியில் கியரைக் குறைத்து இன்ஜினைச் சுற்ற விட வேண்டும். அப்படி விட்டால் பழையது கனவிலும் காணாத வேகத்தில் ஏறும். பழையதிலிருந்து புதியதற்கு மாறும் பலரும் முதல் மாதத்தில் "கீழே இழுவை குறைவாக இருக்கிறதே" என்கிறார்கள். வண்டியில் குறையில்லை, ஓட்டும் பழக்கம்தான் மாற வேண்டும்.

இனி நெடுஞ்சாலை. பழைய ஹிமாலயன் மணிக்கு 80, 90 கிலோமீட்டரில் நிம்மதியாக ஓடும். நூறைத் தாண்டினால் கைப்பிடியிலும் ஃபுட்ரெஸ்டிலும் அதிர்வு தெரியும், லாரியை முந்துவதற்குக் கையில் மிச்சம் இருக்காது. புதியது 110-இலும் அலட்டிக்கொள்ளாமல் போகும். இதைக் கேட்டதும் இளைஞர்கள் முகம் மலர்கிறது. பெற்றோர் முகம் வாடுகிறது. இரு தரப்பும் ஒரு கணக்கைக் கேளுங்கள்.

மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு அறிவிப்பில் நான்கு வழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு வைத்த உச்ச வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். 80-க்குப் பதில் 110-இல் போனால் வேகம் முப்பத்தேழரை சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அது ஏறத்தாழ 90 சதவீதம் கூடும், அதாவது கிட்டத்தட்ட இரட்டிப்பு. பிரேக் பிடிப்பதற்கு முன் நாம் சுதாரிக்கும் ஒரு நொடியில் வண்டி 80-இல் 22 மீட்டர் போயிருக்கும், 110-இல் 30 மீட்டருக்கு மேல். புதிய வண்டியில் முன் டிஸ்க் 300-இலிருந்து 320 மில்லிமீட்டராகவும், பின் டிஸ்க் 240-இலிருந்து 270 ஆகவும் பெரிதாகியிருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் எந்த டிஸ்கும் இந்தக் கணக்கை அழித்துவிடாது. திண்டிவனம் தாண்டி மீடியன் இடைவெளியில் ஒரு மாடோ டிராக்டரோ குறுக்கே வரும்போது கணக்கு தன் வேலையைக் காட்டும்.

அப்படியானால் 40 குதிரை எதற்கு? வேகத்துக்கு அல்ல, பாரத்துக்கும் உயரத்துக்கும். பாரத்தை முதலில் பார்ப்போம். பழைய வண்டியின் கடைசி வடிவம், அதாவது பி.எஸ்.-6, பெட்ரோலோடு 199 கிலோ. ஓட்டுபவர் 75, பின்னால் உட்காருபவர் 65, பை 25 என்று வைத்தால் மொத்தம் 364 கிலோ. 24 குதிரை அதை இழுக்க வேண்டும். புதிய வண்டி 196 கிலோ. அதே பாரத்தை 40 குதிரை இழுக்கிறது. தம்பதியாகப் பயணம் போகிறவர்களுக்கு, எதிரே வண்டி வரும்முன் முந்தி முடிப்பதற்கு இந்த மிச்சம் உண்மையான பாதுகாப்பு.

உயரம் இன்னும் சுவாரஸ்யம். லடாக்கின் கார்துங் லா சுமார் 5,350 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிக்குச் சற்று மேல்தான். இன்ஜினும் நம்மைப் போல மூச்சு விட்டுத்தான் வேலை செய்கிறது. ஆகவே 24 குதிரை அங்கே சுமார் 13 ஆகிவிடும், 40 குதிரை 22 ஆகும். புதிய வண்டி கார்துங் லாவில் தரும் சக்தியும், பழைய வண்டி சென்னைக் கடற்கரையில் தரும் சக்தியும் கிட்டத்தட்ட ஒன்று. பழையதில் லடாக் போக முடியாதா என்றால், ஆயிரக்கணக்கானவர்கள் போய் வந்திருக்கிறார்கள். ஒருவராக, குறைந்த சுமையோடு போனால் அது தாராளமாக ஏறும். இருவராகப் போனால் வித்தியாசம் தெரியும்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணாலி–லே பாதையில் டாண்டி பங்கில் "அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்" என்று ஒரு பலகை உண்டு, பயணிகள் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். லிட்டருக்கு 28 கிலோமீட்டர் என்று வைத்தால் பழைய டேங்க் 420 கிலோமீட்டர் தாங்கும், புதியது 476. இரண்டும் போய்ச் சேரும். வழி தவறினாலோ ஏற்றத்தில் மைலேஜ் குறைந்தாலோ புதியதில் பதற்றம் குறைவு.

இனி பழையதன் பக்கம் நியாயம் பேசுகிறேன், ஏனென்றால் அதற்கு நியாயம் இருக்கிறது.

ஒன்று, உயரம். சீட்டில் 25 மில்லிமீட்டர் வித்தியாசம் காகிதத்தில் சின்னது. கால் தரையில் முழுதாகப் படுகிறதா, விரல் நுனி மட்டும் படுகிறதா என்பதை அதுதான் தீர்மானிக்கும். கிட்டத்தட்ட 200 கிலோ வண்டியை நம் பேஸ்மென்ட் சரிவில் நிறுத்தி நிதானித்துப் பாருங்கள், புரிந்துவிடும். நெடுந்தூர வண்டிகள் பெரும்பாலும் ஓடும்போது விழுவதில்லை, நிற்கும்போதும் திரும்பும்போதும்தான் சாய்கின்றன. புதியதற்கு 805 மில்லிமீட்டரில் தாழ்வான சீட்டும் கிடைக்கிறது. உயரம் குறைவானவர்கள் அதைப் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

இரண்டு, எளிமை. பழைய இன்ஜினில் ரேடியேட்டர் இல்லை, கூலன்ட் இல்லை, ஆக்சிலரேட்டருக்கு எலக்ட்ரானிக்ஸ் இல்லை, கேபிள்தான். டேப்பட் சரிசெய்வது அனுபவமுள்ள மெக்கானிக் எவருக்கும் கைவந்த வேலை. புதியதில் பல கோளாறுகளுக்கு கம்ப்யூட்டரை மாட்டித்தான் காரணம் பார்க்க முடியும். சர்வீஸ் சென்டர் எட்டாத ஊர்களில் சுற்றுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பழையதற்கு உதிரிபாகம் கிடைக்காமல் போய்விடுமோ என்று இப்போதே பயப்பட வேண்டாம். அந்த இன்ஜினின் குடும்பம்தான் இப்போது ஸ்கிராம் 440-இல் தொடர்கிறது.

மூன்று, பணம். 2016-இல் பழையதன் அறிமுக விலை ஷோரூமில் 1.55 லட்சம் ரூபாய். 2023-இல் புதியது 2.69 லட்சத்தில் தொடங்கியது. 2025 செப்டம்பரில் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆனது. இதற்கு மேல் காப்பீடும் பதிவுச் செலவும் உண்டு. தவணையில் வாங்கிவிட்டு, ஹெல்மெட்டிலும் ஜாக்கெட்டிலும் மிச்சம் பிடிப்பது தவறான சிக்கனம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் கவனிக்க: "பழைய ஹிமாலயன்" என்பது ஒரே வண்டி அல்ல. 2016-இல் வந்தது கார்புரேட்டர் வைத்தது. மலை ஏற ஏறக் காற்று குறையும்போது, பெட்ரோலைத் தானாகக் குறைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. 2017-இல் பி.எஸ்.-4 ஆனபோது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. 2018-இல் ஏபிஎஸ் வந்தது. 2020-இல் பி.எஸ்.-6 வந்தது, மண் பாதைக்காகப் பின்சக்கர ஏபிஎஸ்ஸை நிறுத்தும் வசதியும் சேர்ந்தது. இளைஞர்கள் கையில் கொடுப்பதானால் ஏபிஎஸ் இல்லாத வண்டியை விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள். மழை ஈரத்தில் பதறிப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான். ஏபிஎஸ்ஸை நிறுத்தும் வசதி உள்ள வண்டியில், தார் ரோட்டுக்கு வந்ததும் அது மறுபடி வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பார்க்கும்போது மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை இருபக்கமும் திருப்புங்கள். நடுவில் சிக்கினால் கோன் செட் போயிருக்கிறது. செயின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் கூராகியிருக்கின்றனவா, ஸ்போக்குகள் தளர்ந்திருக்கின்றனவா, ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா, அடியில் ஃப்ரேமில் அடிபட்ட தடம் உண்டா என்று பாருங்கள். 21 அங்குல டியூப் சாலையோரப் பஞ்சர் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது, ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். புதிய ஹிமாலயனுக்கு டியூப்லெஸ் ஸ்போக் சக்கரமும் விருப்பத் தேர்வாக வந்துவிட்டது. இயன்றால் அதை எடுத்துக்கொள்வது நல்லது.

முடிவாக என் கருத்து இதுதான். தனியாக, பெரும்பாலும் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மலைப்பாதைகளில் நிதானமாகச் சுற்றுகிறவர் நல்ல நிலையில் உள்ள பழைய வண்டியை விற்க வேண்டிய அவசியம் இல்லை. டயர், சஸ்பென்ஷன், விளக்கு இவற்றைச் சரிசெய்து ஓட்டுங்கள். மனைவியையோ கணவரையோ பின்னால் வைத்து நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கும், இமயமலைக்குச் சுமையோடு போக நினைப்பவர்களுக்கும் புதியது கொடுக்கும் காசுக்குத் தகும். முதல்முறை பெரிய வண்டி ஓட்டப்போகும் பிள்ளைகளுக்கு, ஏபிஎஸ் உள்ள பழையது நல்ல ஆசிரியர். முந்துவதற்கு முன் யோசிக்கச் சொல்லிக்கொடுக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: "பைக் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிப் பேச்சை முடித்துவிடாதீர்கள். எங்கே போகிறாய், யாரோடு, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், இருட்டுவதற்குள் எங்கே தங்குவாய் என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கும் ஒன்று: இந்தக் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருந்தால் வீட்டில் பாதி எதிர்ப்பு அங்கேயே கரைந்துவிடும். பதில் இல்லையென்றால் நீங்கள் இன்னும் பயணத்துக்குத் தயாராகவில்லை என்று அர்த்தம். அதை எந்தத் தலைமுறை வண்டியும் சரிசெய்யாது.

சந்தேகம் இருப்பவர்கள் கேளுங்கள், இரண்டு வண்டிகளும் கீழேயே நிற்கின்றன. உட்கார்ந்து பார்க்க விரும்புகிறவர்கள் வண்டிக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள்.