கல் சூப்

இது போர்ச்சுக்கல் நாட்டுக் கதை. 1883-இல் தெயோஃபிலோ பிராகா வெளியிட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்பிலும் இருக்கிறது.

பசியோடு வந்து வாசலில் நின்ற துறவிக்கு வீட்டார் ஒன்றும் தரவில்லை. "சரி, இந்தக் கல்லைப் போட்டுச் சூப் வைத்துக்கொள்கிறேன்" என்றார் அவர். சிரித்துக்கொண்டே பானை கொடுத்தார்கள். தண்ணீர் கொதித்ததும், "கொஞ்சம் கொழுப்பு இருந்தால் நன்றாயிருக்கும்" என்றார். பிறகு உப்பு, முட்டைக்கோஸ், கடைசியில் பன்றியிறைச்சி சாசேஜ். வயிறாரச் சாப்பிட்டார். கல்லைக் கழுவி எடுத்துக்கொண்டார், அடுத்த வீட்டுக்கு ஆகுமே!

துறவி செய்தது தந்திரம்தான். அவரைப் புனிதராக்க வேண்டாம். நாம் பார்க்கவேண்டியது அந்த வீட்டாரை. கேட்டவை எல்லாம் அடுப்படியிலேயே இருந்தன. பசிக்கு இரங்காத அதே கைகள், வேடிக்கை பார்க்கும் ஆசையில் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தன. நம் வாசலில் நிற்பவர்களுக்கு இந்த வித்தை தெரியாது. நாமும் "ஒன்றுமில்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

அந்நாட்டின் அல்மெய்ரிம் ஊர் உணவகங்களில் இன்றும் இந்தச் சூப் கிடைக்கிறது: ராஜ்மா போன்ற சிவப்புப் பயறு, உருளைக்கிழங்கு, சாசேஜ், கொத்தமல்லி. அடியில் கழுவிய கல் ஒன்றும் கிடக்கும்.