வேகமும் தாமதமும்

புனே நகரின் ஹிஞ்சவடியிலும் கராடியிலும் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களில், தாயாரின் அலுவலகக் கூட்டமும் மைந்தனின் இணைய விளையாட்டும் ஒரே ஃபைபர் இழையை நம்பி நடைபெறுகின்றன. இழை தருவோர் பலர். அவர்கள் பறைசாற்றுவதோ வேகம் ஒன்றையே.

விளையாட்டிற்கு வேண்டுவது வேகத்தினும் தாமதமின்மையே. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். மும்பை நமக்குச் சுமார் 150 கிலோமீட்டர். ஒளி போய்வர 2 மில்லிநொடி போதும். 'வாலரண்ட்' ஆட்டத்தின் சர்வர் மும்பையிலேயே உண்டு. அவ்வாறிருக்க, நம் திரையில் 'பிங்' 70 என்று காட்டுமாயின், குற்றம் தொலைவினுடையதன்று. வீட்டு வைஃபையை ஒதுக்கி, லான் கம்பியைச் செருகிப் பார்த்தல் வேண்டும். அப்போதும் குறையாவிடில், செய்தியைச் சுற்றுவழியில் அனுப்பும் நிறுவனத்தையே ஐயுறலாம்.

வீட்டிலிருந்து பணிபுரிவோர், 'அப்லோடு' வேகம் எவ்வளவு என்று தனியே கேட்டறிதல் நலம். ஓர் இழையை 32 வீடுகளோ 64 வீடுகளோ பகிர்ந்துகொள்வதும் உண்டு. ஆதலின் இரவு 9 மணிக்குக் கிட்டும் வேகமே மெய்யான வேகம். இதனை விளம்பரம் சொல்லாது. மேல்மாடிக் குடும்பத்தார் சொல்வர். மழைக்காலத்தில் கிளை முறிந்து கம்பி அறுந்தால், எத்தனை நாளில் ஆள் வந்தார் என்பதையும் அவர்களிடமே கேட்கலாம். சில குடியிருப்புகளில் சங்கத்தார் ஒரே நிறுவனத்தை அனுமதித்திருப்பர்; அங்கே தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை!

ஓராண்டுச் சந்தாவை முன்னதாகக் கட்டினால் தள்ளுபடி உண்டென்பர். ஒரு மாதம் பார்த்தபின் கட்டுவோமாக.