பழுது தீராத வாகனமும் நமது உரிமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சட்டம் பற்றிப் பேச நான் வழக்கறிஞன் அல்லன். கார் வாங்கி நட்டப்பட்டவன் என்ற தகுதி ஒன்றே எனக்குண்டு. அதுவே போதும் என்று கருதித்தான் நிர்வாகிகள் என்னை மேடையேற்றியிருக்கிறார்கள் போலும்!

வளைகுடாவில் சேர்த்த பணத்தோடு வங்கிக் கடனும் பெற்றுப் புதிய கார் ஒன்று வாங்கினேன். மூன்றாம் மாதத்தில், திருச்சியிலிருந்து திரும்புகையில் பாடாலூர் அருகே நெடுஞ்சாலையில் இஞ்சின் தானாக அணைந்தது. பின்னால் லாரிகள், காருக்குள் மனைவியும் பேரக்குழந்தையும். அன்று தப்பியது இறைவனின் அருள். பணிமனைக்குக் கொண்டு சென்றேன். "சரி செய்துவிட்டோம் பாய், இனி வராது" என்றார்கள். இருபது நாளில் வந்தது. இவ்வாறு ஐந்து முறை கொண்டு சென்றேன். ஒவ்வொரு முறையும் அதே புன்னகை, அதே பதில், ஒரு தேநீர். உத்தரவாதக் காலம் முடிந்தபின் ஆறாவது முறை போனபோது, "இதே குறைக்காக நீங்கள் முன்பு வந்ததாக எங்கள் பதிவில் இல்லையே" என்றார்கள். வீட்டில் தேடினேன். என்னிடம் இருந்தவை இரண்டே ஜாப் கார்டுகள். இரண்டிலும் "பொதுப் பராமரிப்பு" என்று மட்டுமே எழுதியிருந்தது. காரைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, இல்லாத காருக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் தவணை கட்டினேன்.

ஆகவே, எப்போது உதவி நாட வேண்டும் என்பதைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

அமெரிக்காவில் இத்தகைய வாகனத்தை 'எலுமிச்சை' என்று கேலியாகச் சொல்வார்கள். அதன் பெயராலேயே ஒரு சட்டம் 1982ஆம் ஆண்டு கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்து, பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. ஒரே குறைக்கு நான்கு முறை பழுது பார்த்தும் தீராவிட்டாலோ, வாகனம் மொத்தம் 30 நாள் பணிமனையில் முடங்கினாலோ, வேறு வாகனம் அல்லது பணம் என்பது அங்கே பல மாநிலங்களில் உள்ள ஏற்பாடு. நம் உறவினர்கள் பலர் வாழும் சிங்கப்பூரிலும் 2012 செப்டம்பர் 1 முதல் இத்தகைய சட்டம் உண்டு. பொருளைப் பெற்ற ஆறு மாதத்திற்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று மெய்ப்பிப்பது விற்றவர் பொறுப்பு. குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமை நமக்கும் புதிதன்று. மதரஸாவில் ஃபிக்ஹு ஓதியவர்கள் 'கியாருல் ஐப்' என்ற தலைப்பை அறிவார்கள்.

இந்தியாவில் வாகனத்திற்கென்று இப்படித் தனிச் சட்டம் இல்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக வந்து, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தான் நமக்குத் துணை. அதில் 'மூன்று முறை', 'நான்கு முறை' என்ற கணக்கு கிடையாது. கணக்கை நாம்தான் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். நான் தோற்றது இந்த இடத்தில்தான்.

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன என்று பார்ப்போம். மாருதி நிறுவனம் தொடர்பான வழக்கொன்றில் 2006இல் உச்ச நீதிமன்றம், உத்தரவாதம் குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதற்கே என்றிருக்க, முழு வாகனத்தையும் மாற்றித் தரச் சொல்வது சரியன்று எனத் தீர்ப்பளித்தது. ஃபியட் கார் வழக்கில் 2010இல், சுயேச்சையான தொழில்நுட்ப வல்லுநர் வாகனத்தில் உள்ளார்ந்த உற்பத்திக் குறை இருப்பதாகக் கருதினால், விலையை வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும். ஒரு பாகம் கெட்டது என்றால் பாகம்தான் கிடைக்கும். வாகனமே பிறவியிலேயே குறையுடையது என்று காட்டினால்தான் பணம் திரும்பும். அதைக் காட்டுவது வல்லுநர் அறிக்கையும், ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஜாப் கார்டுகளும். சோதனை இன்றிக் குறையைக் கண்டறிய இயலாதபோது, பொருளை ஆய்வகத்திற்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்திற்கு உண்டு. கட்டணத்தை முறையீட்டாளர் செலுத்த வேண்டும்.

என் கருத்து இது: அதே குறை மூன்றாம் முறை வந்தால் சிரித்துக்கொண்டு சாவியைக் கொடுக்காதீர்கள். பிரேக், ஸ்டியரிங், ஓட்டத்தில் இஞ்சின் அணைதல் போன்ற உயிர் சம்பந்தப்பட்ட குறையென்றால் இரண்டாம் முறையே போதும். உத்தரவாதம் இருக்கும்போதே விற்பனையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் தனித்தனியே, ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் எழுதுங்கள். ஜாப் கார்டில் உங்கள் சொற்களிலேயே குறையை எழுதச் செய்யுங்கள்; ஓட்டிப் பார்க்காமல் 'திருப்தி' என்று கையொப்பமிடாதீர்கள். இன்னொன்று. திருச்சிக்கு அலைய வேண்டுமே என்று நம்மூர் மெக்கானிக்கிடம் இஞ்சினைத் திறக்கக் கொடுத்துவிடாதீர்கள். அவர் கைராசிக்காரராகவே இருக்கலாம். ஆனால் 'வெளியாள் கை வைத்துவிட்டார்' என்று உத்தரவாதத்தை மறுக்க அது சாக்காகிவிடும்.

இருவருக்கும் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2009இல் தயாரித்த காரை 2011இல் புதியதென விற்ற வழக்கில், 2021இல் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளரைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. அவருடைய பங்கு என்னவென்று முறையீட்டில் நிறுவப்படவில்லை.

அரியலூர் பக்கம் சிமெண்டு ஆலைகளுக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் லாரி ஓட்டும் சகோதரர்கள், 'நாங்கள் தொழில் செய்பவர்கள், நுகர்வோர் அல்லவே' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோவோ லாரியோ வாங்குபவரும் நுகர்வோரே என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பத்து லாரி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவருக்கு அந்த வாதம் எளிதில் செல்லாது.

முறையீட்டை நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். வாகனத்தைத் திருச்சியிலோ சென்னையிலோ வாங்கியிருந்தாலும், பெரம்பலூர்க்காரர் பெரம்பலூரிலும் அரியலூர்க்காரர் அரியலூரிலும் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமில்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 'சரி செய்து தருகிறோம்' என்ற பேச்சை நம்பி இந்தக் காலத்தைக் கடத்தியவர்களே அதிகம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வதும் நல்லது. சில நேரங்களில் அதிலேயே நிறுவனம் இறங்கி வந்துவிடும்.

எழுதத் தயங்குகிறவர்கள் வாகன விலைப்பட்டியல், உத்தரவாதப் புத்தகம், எல்லா ஜாப் கார்டுகளையும் எடுத்துக்கொண்டு, ஞாயிறு அஸருக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்திற்கு வாருங்கள். உட்கார்ந்து எழுதித் தருகிறேன். ஜாப் கார்டு இல்லையென்றால், முதலில் பணிமனைக்குச் சென்று நகல் கேட்டு வாங்கி வாருங்கள்.