அருகிருப்பவரை அறிதல்



திருப்பூர்ப் பள்ளிகளில் இன்று ஒரே வகுப்பறையில் பல மொழிகள் ஒலிக்கின்றன. பின்னலாடைத் தொழிலை நாடி ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரின் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு அமர்ந்து தமிழ் கற்கின்றனர். அவர்களுள் பழங்குடியினரின் மக்களும் உண்டு. ஜார்க்கண்டின் பழங்குடிகளுள் பெரியது சந்தால் குலம்.

நம் சிறார் பழங்குடியினரைப் பற்றிக் கற்பது எவ்வாறு? பெரும்பாலும் ஆண்டு விழாவிலே இலைதழை உடுத்து, வில்லேந்தி ஆடுவதோடு அக்கல்வி முடிந்துவிடுகிறது. பல்லாண்டு ஆசிரியனாயிருந்து அத்தகைய விழாக்களைக் கண்டவன் நான். அவ்வாட்டத்தை ஒரு பழங்குடிச் சிறுமி முன்வரிசையிலிருந்து காண்பாளாயின், தன் தாயை எண்ணிப் பெருமை கொள்வாளா, நாணுவாளா?

கற்பிக்கத் தக்கவை வேறு உள. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு இரண்டாண்டு முன்னரே, 1855-இல், சித்து, கானு என்னும் உடன்பிறந்தார் தலைமையில் சந்தால் மக்கள் வட்டிக்கடைக்காரரின் கொடுமையையும் கம்பெனி ஆட்சியையும் எதிர்த்து எழுந்தனர். 1925-இல் இரகுநாத் முர்மு அவர்கள் சந்தாலி மொழிக்கென 'ஓல் சிக்கி' என்னும் 30 எழுத்துகளை வகுத்தார். 2003-ஆம் ஆண்டின் திருத்தத்தால் அம்மொழி அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில், நம் தமிழுடன் இடம் பெற்றது. அக்குலத்தில் பிறந்த திரௌபதி முர்மு அவர்கள் 2022-இல் குடியரசுத் தலைவரானார். அறுவடையை ஒட்டிக் கால்நடைகளைப் போற்றும் அவர்களது 'சொஹ்ராய்' விழாவைச் சொன்னால், மாட்டுப் பொங்கல் கொண்டாடும் கொங்குநாட்டுக் குழந்தைக்கு வேறு விளக்கமும் வேண்டுமோ?

கடல் கடந்தும் இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் சிக்கசா என்னும் பழங்குடியினர் 1837 முதல் மிசிசிப்பிப் பகுதியிலிருந்த தம் தாயகத்தினின்றும் அகற்றப்பட்டு, இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டனர். தாய்மொழியாகப் பேசுவோர் மிகச் சிலரே எஞ்சிய நிலையிலும், அவர்கள் தமக்கென ஓர் அரசு நடத்தி, அம்மொழியைத் தம் சிறுவர்க்குக் கற்பித்து வருகின்றனர். தன் மொழியைப் பேசக் குழந்தை நாணத் தொடங்கினால், அம்மொழியின் தேய்வும் தொடங்கிவிடுகிறது. பின்னர் மீட்பது அரிது.

ஆதலின் நாம் செய்யத் தக்கது எளிது. நீரைச் சந்தாலியில் 'தாக்' என்பர். அச்சொல்லை அக்குழந்தையின் வாயாலேயே கேட்டு, வகுப்பு முழுவதும் சொல்லிப் பழகட்டும். தமிழ் கற்க வந்த குழந்தை அன்று சிறிது நேரம் ஆசிரியராகும். உங்களுள் நாளை ஆசிரியராவோர் பலர். வேடத்தை விடுத்து, அருகிருப்பவரைக் கேட்டறியும் கல்வியை நீங்கள் வளர்ப்பீர்களாக.