தளர்ந்த இருதயமும் தாள மருந்துகளும்

மனித இருதயம் நாளொன்றுக்குச் சுமார் 1,00,000 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னதாக மெல்லிய மின் அலையொன்று இருதயத் தசையெங்கும் பரவுகிறது. சோடியம் உயிரணுக்களுக்குள் பாய்வதால் அலை விரைந்து செல்கிறது. பொட்டாசியம் வெளியேறுவதால் தசை ஓய்வுற்று அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகிறது. தாளம் தப்பும்போது மருத்துவர் அளிக்கும் மருந்துகளிற் பல, இவ்விரு வாயில்களுள் ஒன்றை ஓரளவு அடைத்தே பயன் தருகின்றன. ஆனால், நல்ல இருதயத்துக்கு நன்மை செய்யும் மருந்தே தளர்ந்த இருதயத்துக்குத் தீங்காகவும் முடியலாம். அதன் காரணத்தை நேயர்கள் அறிந்துகொள்வது நலம்.

இருதயத் தளர்ச்சி என்பது, உடலுக்கு வேண்டிய இரத்தத்தை இறைக்கும் ஆற்றல் இருதயத்துக்குக் குன்றிய நிலையாகும். அந்நிலையில் தசையினூடே நார்த்திசுக்கள் படர்கின்றன. மின் அலை தடைபட்டு மெதுவாகச் செல்கிறது. சோடியம் வாயிலை அடைக்கும் மருந்து அதனை மேலும் தாமதப்படுத்துகிறது. ஆற்றின் நடுவே திட்டு இருந்தால் நீர் அதனைச் சுற்றிச் சுழிப்பது போல, அலையும் வடுவைச் சுற்றிச் சுழலத் தொடங்குகிறது. அன்றியும், தளர்ந்த இருதயத்தில் பொட்டாசிய ஓட்டம் முன்னமே குறைந்திருப்பதால் தசை ஓய்வு பெறத் தாமதமாகிறது. சோட்டலால் போன்ற மருந்து அத்தாமதத்தை இன்னும் நீட்டும்போது, உயிருக்கே ஆபத்தான படபடப்பு எழக்கூடும். வீக்கம் வடிய உட்கொள்ளும் நீர் மாத்திரைகளும் பலவேளைகளில் இரத்தத்துப் பொட்டாசியத்தைக் குறைக்கின்றன. சிறுநீரகமும் கல்லீரலும் சோர்ந்திருந்தால் மருந்து உடலில் தேங்கும்.

இவ்வுண்மையின் ஒரு பகுதியை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. மாரடைப்பால் இருதயத் தசை பழுதுற்றோரிடையே 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பேராராய்ச்சி ஒன்று நடைபெற்றது. என்கெய்னைடு, ஃபிளெக்கெய்னைடு என்ற மருந்துகள் அவர்களது மிகைத் துடிப்புகளை அடக்கின. ஆயினும், மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் மாண்டனர். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் மாண்டவர் 26 பேரே. 1989-இல் அவ்விரு மருந்துகளும் நிறுத்தப்பட்டன. தாளம் சீரானது, உயிர் காக்கப்படவில்லை.

இருதயத் தளர்ச்சியுற்ற 2,521 பேரிடம் நடந்த மற்றோர் ஆராய்ச்சியின் முடிவு 2005-இல் வெளியாயிற்று. அமியோடரோன் மருந்து அவர்களது ஆயுளை நீட்டவில்லை. உடலுள் பொருத்தப்படும் மின்னதிர்ச்சிக் கருவியோ இறப்பை 23 சதவிகிதம் குறைத்தது. ஆகவே, இன்று மருத்துவர்கள் முதலில் இருதயத்தின் வலிமையை எக்கோ பரிசோதனையால் அளந்து, அதற்கேற்பவே தாள மருந்தைத் தேர்கிறார்கள்.

பணியின் பொருட்டு மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் நம்மவர்க்கு இதில் தனிக்கவனம் வேண்டும். சென்னையில் பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட சீட்டைக் கொண்டு தில்லியிலோ நாகபுரியிலோ அதே மாத்திரையை வாங்கித் தொடர்வோர் உண்டு. சீட்டு மாறாதிருக்கலாம், இருதயம் மாறியிருக்கக்கூடும். நடந்தால் மூச்சு வாங்குதல், மல்லாந்து படுக்க இயலாமை, கால் வீக்கம் ஆகியவை புதிதாகத் தோன்றினால், தாள மருந்து உண்பவர் உடனே மருத்துவரை நாட வேண்டும். மயக்கமுற்று விழுந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே. பழைய சீட்டுகள், இ.சி.ஜி., எக்கோ அறிக்கைகள், உண்ணும் மருந்துகள் அனைத்தையும் புதிய ஊரின் மருத்துவரிடம் காட்டுங்கள். மொழி தடையாயினும் அவை உங்களுக்காகப் பேசும்.