தங்கவயலின் ஆழத்தில் அண்டக்கதிர் ஆராய்ச்சி



ஆம்பூரில் இரயிலேறிப் பங்காரப்பேட்டையில் மாறி, மாரிக்குப்பம் கிளைவண்டியில் சென்றால் கோலார் தங்கவயல். நம் பாட்டன்மார் பலர் பிழைப்புத் தேடிப் போன ஊர் அது. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து சென்ற பல்லாயிரவர் அச்சுரங்கங்களில் பாறை உடைத்தனர். பாறை வெடிப்பில் மாண்டவர்களையும், கல்தூசியால் நெஞ்சு கெட்டுத் திரும்பியவர்களையும் பற்றி நம் வீடுகளில் கேட்டிருக்கிறோம். அதே சுரங்கத்தில் விண்ணைப் பற்றிய ஆராய்ச்சி நடந்ததை மட்டும் எவரும் நமக்குச் சொன்னதில்லை.

விண்வெளியிலிருந்து நுண்துகள்கள் இடைவிடாது பூமிமீது பாய்கின்றன. இவற்றையே காஸ்மிக் கதிர்கள் அல்லது அண்டக்கதிர்கள் என்கிறோம். 1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிச் சென்று இவற்றைக் கண்டறிந்தார். பேராற்றல் கொண்ட ஒரு துகள் காற்றுமண்டலத்தில் மோதும்போது அது சிதறிப் பலவாகி, பெருமழையாகத் தரையில் இறங்குகிறது. தோல் காயப்போட்ட களத்தில் சாய்மழை வந்தால் எந்தப் பக்கத்துத் தோல் முதலில் நனைகிறது என்பதைக் கொண்டு மழை வந்த திசையைச் சொல்லிவிடலாம் அல்லவா? அறிவியலாரும் கருவிகளைப் பரப்பி வைத்து, எது முதலில் துகளைக் கண்டது என்று நுண்ணிய கால வேறுபாட்டைக் கணித்துத் திசையை அறிகின்றனர். துகள்களின் தொகையே ஆற்றலைக் காட்டும்.

இம்மழையில் வரும் மியூவான் என்னும் துகள் பாறையையும் துளைக்கும். எவ்வளவு ஆழம்வரை செல்கிறது என்று அளக்கத் தங்கவயலைவிடச் சிறந்த இடம் ஏது? டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1950களிலேயே அங்கு இறங்கினர். 1965இல், சுமார் 2300 மீட்டர் ஆழத்தில், அண்டக்கதிர்கள் காற்றில் தோற்றுவித்த நியூட்ரினோவின் தடயத்தை இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிவியலார் கண்டனர். உலகிலேயே முதன்முதலாக அதனைக் கண்ட இரு குழுக்களுள் அது ஒன்று. மற்றொன்று தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் இருந்தது. அங்கும் தோண்டியவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அறிவியல் நூல்களில் கோலாரின் பெயர் நிலைத்தது. குழி வெட்டியவர் பெயர்களைத்தான் காணோம். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது.

ஆய்வு இன்றும் நம் மாநிலத்தில் நடக்கிறது. உதகையில், 2200 மீட்டர் உயரத்தில், கிரேப்ஸ்-3 என்னும் நிலையம் உள்ளது. ஏறத்தாழ 400 ஒளிர்வுக் கருவிகள் தரையில் பரவியிருக்க, 3712 குழாய்கள் கொண்ட மியூவான் தொலைநோக்கி அருகில் நிற்கிறது. 2014 டிசம்பரில் ஓர் இடிமேகத்துள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் எழுந்ததை இதைக்கொண்டே கணித்தனர்.

ஆனால் மிகப் பேராற்றல் கதிரைப் பிடிக்க இப்பரப்புப் போதாது. பத்தின் இருபதாம் அடுக்கு எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள துகள் ஒரு சதுர கிலோமீட்டரில் நூறாண்டுக்கு ஒன்று விழுந்தாலே பெரிது. அணுவினும் சிறிய அத்துகளில், ஒரு கிலோ எடைக்கல்லை ஒன்றரை மீட்டருக்கும் மேல் தூக்கும் ஆற்றல் அடங்கியிருக்கிறது! அதனால்தான் அர்ஜென்டினாவில் 3000 சதுர கிலோமீட்டரில் 1600க்கு மேற்பட்ட நீர்த்தொட்டிகளை அமைத்துள்ளனர். 2021 மே 27இல் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் அத்தகைய துகளொன்று பதிவாயிற்று. அது வந்த திசையில் விண்மீன் கூட்டங்கள் அரிது. எங்கிருந்து வந்தது என்பது இன்னும் விடுபடாத புதிர்.

அப்புதிரை அவிழ்க்கும் மேசையில் நம் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் பயிலும் நம் மாணவ மாணவியரை இவ்வாண்டே உதகைக்கும் தங்கவயலுக்கும் அழைத்துச் செல்லச் செயற்குழு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். உதகை நிலையத்தாரிடம் முன்னனுமதி கோரும் கடிதத்தை நாமே எழுதித் தருகிறோம்.